லஸ்கர் சித்தப்பாவோடு ஜைசல்மேருக்கு

மன்னார்குடியிலிருந்து வாரம் ஒரு ரயில் ராஜஸ்தானுக்குப் போகிறது. பலகையில் பகத் கி கோட்டி என்று எழுதியிருக்கும். ஜோத்பூரை ஒட்டிய நிலையம் அது. எங்கள் ஊரில் அடகுக்கடையும் பாத்திரக்கடையும் வைத்திருக்கும் மார்வாரிக் குடும்பங்களுக்குக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் சொந்த ஊர் போய்வர அந்த வண்டிதான் வசதி. 2018 ஜனவரியில் பொங்கல் கழிந்ததும் சித்தப்பாவும் நானும் அதில் ஏறினோம்.

சித்தப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஆற்றில் தண்ணீர் வந்தால் வாய்க்கால் தலைப்பில் மதகுப் பலகையை ஏற்றுவதும், போதும் என்று உத்தரவு வந்தால் இறக்குவதும், கரை எங்கே கசிகிறது என்று ராத்திரியில் லாந்தரோடு நடந்து பார்ப்பதும் அவர் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டவருக்கு, ஓய்வு பெற்றபின் தண்ணீரே இல்லாத சீமையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. "கடைமடையில தண்ணி வல்லன்னு சண்டைக்கு வருவான். மழையே பெய்யாத ஊர்ல மனுசன் எப்படி இருக்கான்னு பாக்கணும் பாப்பா" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சித்தி இருந்தவரை அது நடக்கவில்லை.

எங்கள் கையில் இரண்டு பேருக்கும் சேர்த்து 12,000 ரூபாய் இருந்தது. போக, வர, தங்க, சாப்பிட எல்லாம் அதற்குள். படுக்கை வசதி வகுப்பில் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் டிக்கெட். அப்போது 60 வயது கடந்த ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகை இருந்தது. பெண்களுக்கு 58 வயதிலிருந்தே பாதிக் கட்டணம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்திய அந்தச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கிறேன். காசு குறைவாக உள்ள வயதானவர்கள் இந்த நாட்டின் மறுகோடியைப் பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி அது.

எதிர் இருக்கையில் இருந்த மார்வாரி அம்மா மூன்று வேளையும் எங்களுக்குச் சேர்த்தே பொட்டலம் பிரித்தார். மன்னார்குடியில் பிறந்து வளர்ந்தவர். "ஊருக்குப் போனா எங்கள மதராசின்னுதான் சொல்லுவாங்க" என்று சிரித்தார். கடைக் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே நான் பார்த்திருந்த குடும்பம் அது. எங்கள் வீட்டுச் சங்கிலி எத்தனையோ முறை அவர்கள் பெட்டியில் இருந்துவிட்டு வந்திருக்கிறது.

ஜோத்பூரில் மேஹ்ரான்கட் கோட்டைக்கு டிக்கெட் எடுத்துப் பார்த்தோம். 1459இல் ராவ் ஜோதா அடித்தளமிட்ட கோட்டை. செங்குத்தான பாறை மேலே அது நிற்கும் கம்பீரத்தை நின்று பார்ப்பதற்கே அந்தக் காசு தகும். ஆனால் சித்தப்பா அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஊருக்குள் இருக்கும் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணற்றில். 18ஆம் நூற்றாண்டில் ஒரு ராணி கட்டியது. நீண்டகாலம் குப்பையும் கழிவுமாகக் கிடந்ததை நாங்கள் போவதற்குச் சில வருஷம் முன்புதான் துப்புரவு செய்திருந்தார்கள். கட்டணம் இல்லை. நீர் எவ்வளவு கீழே போனாலும் குடத்தோடு இறங்க ஒரு படி இருக்கும்படி நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் வாங்கிய மிளகாய் வடையை அந்தப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இரவு வண்டி பிடித்து விடியற்காலை ஜைசல்மேரில் இறங்கியபோது குளிரில் பல் கிட்டியது. நிலையத்துக்கு வெளியே ஜீப்புகளும் ஆட்டோக்களும் ஆட்களும். அறை 200 ரூபாய், சவாரி இலவசம் என்று பெட்டியைப் பிடித்து இழுப்பார்கள். அங்கே போனபின் ஒட்டகச் சவாரியும் கூடாரத் தங்கலும் அவர்களிடமே எடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் அறை கிடையாது. சிக்கனமாகப் போகிறவர் காசு கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "ஒட்டகம் வேண்டாம், அறை மட்டும் என்ன விலை?" என்று முதலிலேயே கேட்டோம். கூட்டம் சட்டென்று குறைந்துவிட்டது. மிஞ்சிய ஒருவர், ராணுவத்தில் ஓட்டுநராக இருந்தவர், 500 ரூபாய் சொன்னார். கோட்டைக்கு எதிர்ப்புறம் சந்துக்குள் அவர் வீடு. மாடியில் இரண்டு அறை. சென்னை ஆவடியில் சில வருஷம் இருந்தவர் என்பதால் சித்தப்பாவிடம் "சாப்பாடு ஆச்சா அண்ணே?" என்று தமிழில் கேட்டார். அதோடு இருவரும் சிநேகமாகிவிட்டார்கள்.

மாடியில் ஏறினால் கோட்டை முழுக்கத் தெரிந்தது. காலையில் வெளிர் மஞ்சள், சாயங்காலம் தேன் நிறம். உடனே போவோம் என்றேன். வீட்டுக்காரர் தடுத்தார். முதலில் வெளியே சுற்றுங்கள், கோட்டையைக் கடைசியாகப் பாருங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வெளியே பார்த்துவிட்டு வந்தால்தான் உள்ளே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று புரியும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டோம்.

குளிக்க அங்கே ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். இரண்டாம் வாளி கேட்டால் தந்திருப்பார்கள். சித்தப்பா கேட்க விடவில்லை.

அரசுப் பேருந்தும் தனியார் சிறு பேருந்தும் இருக்கிற பாதைகளை வைத்தே நாட்களைப் பிரித்தோம். பேருந்து போகாத இடத்துக்கு மட்டும் ஆட்டோ. பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் காலத்து மரங்கள் கல்லாகி வெயிலில் கிடக்கின்றன. கட்டணம் சொற்பம். நாங்கள் போனபோது எங்களைத் தவிர யாரும் இல்லை. சித்தி பிறந்தது பெரம்பலூர் பக்கம். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைக் கல்யாணமான புதிதில் அவர்தான் சித்தப்பாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். இங்கே ஒரு தண்டின் மேல் கை வைத்து அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இவ்ளோ பெரிய மரம் நின்னுருக்குன்னா இங்க ஒரு காலத்துல ஆறு ஓடியிருக்கும்" என்றார். ஈரமான, வெப்பமான காடு இங்கே இருந்தது என்றுதான் பூங்காப் பலகையும் சொல்கிறது.

பட்வா ஹவேலி மாளிகைகளையும் கடைவீதியையும் ஒரு பிற்பகலில் முடித்துக்கொண்டோம். வெளியிலிருந்து பார்க்கக் காசு இல்லை. கல்லை மெழுகுபோலச் செதுக்கியிருக்கும் அந்த முகப்புகளின் அழகு வெளியில்தான் இருக்கிறது.

என்னை அங்கே அதிகம் கவர்ந்தது ஒரு வயல். ஊருக்கு மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் குல்தாரா என்ற பாழடைந்த ஊர் இருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் 84 ஊர்க்காரர்களும் ஒரே இரவில் கிளம்பினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. கிணறுகள் வற்றியதும் வரிச்சுமையும் மெல்ல மெல்ல விரட்டின என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பேய் ஊர் என்று சொல்லி ஜீப்பில் கூட்டம் கூட்டமாக அழைத்து வருகிறார்கள். கூரையில்லாத வீடுகளுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள். அந்த மக்களின் உண்மையான சாதனை கொஞ்சம் தள்ளிக் காபா போகும் வழியில் இருக்கிறது. ஆட்டோக்காரரே நிறுத்திக் காட்டினார்.

நாலா பக்கமும் கல்லும் முள்ளுமான கரடு. நடுவில் பசேல் என்று கோதுமை. பக்கத்தில் கொண்டைக்கடலை. கிணறு இல்லை, மோட்டார் இல்லை, வாய்க்கால் இல்லை. சித்தப்பா ஆட்டோவிலிருந்து இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் ஈரம்.

கடீன் என்று இதைச் சொல்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே பாலிவால்கள் இந்த முறையைக் கையாண்டிருக்கிறார்கள். ஜைசல்மேரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஊரில் ஒரு புயல் நாளில் அவ்வளவு கொட்டிவிடும். அந்த மழையை வயலிலேயே பிடித்தால் ஒன்றும் விளையாது. அதனால் சுற்றியுள்ள பெரும் பாறைச் சரிவு முழுவதிலும் விழும் தண்ணீரைத் தாழ்ந்த ஒரு இடத்துக்கு வரவிட்டு, அங்கே குறுக்கே நீளமாக மண்கரை போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது ஏரி. தண்ணீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. சரிவிலிருந்து வரும் வண்டலும் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேல்நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே விதைக்கிறார்கள். அதன்பின் ஒரு சொட்டுப் பாய்ச்சுவதில்லை.

சித்தப்பா கரையின் மேல் ஏறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஓரிடத்தில் கரை தணிந்து கல் பாவியிருந்தது. "பாத்தியா, கலிங்கு. மிஞ்சின தண்ணி இந்தப் பக்கமாப் போயி அடுத்தவன் கரைக்குள்ள விழும்" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி, தாழ்ந்த மூலையில் சிறிய மதகு. விதைப்புக்கு முன் தேங்கி நிற்கும் நீரை வடிப்பதற்கு. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பலகை இறங்கும் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "நம்ம ஊரு வேலதான் பாப்பா இது. நமக்குக் காவேரி கொண்டாந்து குடுக்குது. இவன் மானத்த நம்பிச் செஞ்சிருக்கான்." அந்த வயலின் சொந்தக்காரர் தலைப்பாகையோடு வந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. நான் இந்தியில் சொன்னேன், இவர் மதகு திறக்கும் வேலை பார்த்தவர் என்று. பெரியவர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சென்ற மழைக்குப்பின் கரையைச் சரிசெய்த இடத்தைக் காட்டினார். சித்தப்பா காலால் மிதித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மணல் பார்க்க எல்லோரும் போவது சம் மணல்மேட்டுக்கு. நாங்கள் குரிக்குப் போனோம். ஜைசல்மேருக்குத் தென்மேற்கே உள்ள கிராமம். பேருந்தில் எங்களோடு ஆடும் ஏறியது. மண்சுவரும் சாணி மெழுகிய முற்றமுமாக இருக்கும் வீடுகளிலேயே தங்க இடம் தருகிறார்கள். சாப்பாடும், சாயங்காலம் மணலுக்குப் போய்வர ஒட்டகமும் சேர்த்து அப்போது ஆளுக்கு 900 ரூபாய். சம் பக்கத்தில் வரிசையாகக் கூடாரங்கள் அடித்து, குழாயும் குளியலறையும் வைத்து, சில இடங்களில் நீச்சல்குளம்கூடக் கட்டி, இரவெல்லாம் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். அதற்கு இதைப்போல நாலு மடங்கு விலை. பாலைவனத்துக்குப் போய்ப் பாலைவனத்தைப் பார்க்காமல் திரும்புவதற்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

குரி வீட்டு வாசலில் தரையோடு தரையாக வட்டமாக ஒரு தொட்டி. டாங்கா. சுற்றிலும் தரையைச் சரிவாகக் கெட்டிப்படுத்தி, விழும் மழையெல்லாம் நடுவில் உள்ள நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. சித்தப்பா அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண் பாத்திரங்களை மணலால் தேய்த்துத் துணியால் துடைத்தே வைத்தார். தண்ணீர் படவில்லை. பாத்திரம் பளபளவென்றிருந்தது.

அனுபம் மிஸ்ரா என்ற காந்தியவாதி 1995இல் இந்தியில் ஒரு நூல் எழுதினார், 'ராஜஸ்தான் கி ரஜத் பூந்தேன்'. இந்தப் பயணத்துக்கு என்னைக் கிளப்பியதே அதுதான். அந்த மக்கள் தண்ணீரை மூன்றாக வகைபிரிக்கிறார்கள் என்கிறார் அவர். நேராக மழையிலிருந்து வருவது பாலர் பானி. ஆழத்துக் கிணற்று நீர் பாதாள் பானி. இரண்டுக்கும் நடுவே, மணலுக்குள் இறங்கியும் கீழே உள்ள உப்பு நீரோடு கலந்துவிடாமல் ஜிப்சம் படிவம் தாங்கி நிறுத்தும் ஈரம் ரேஜாணி பானி. அந்த ஈரத்தை எடுக்க ஆள் ஒருவர் மட்டும் இறங்கும் அகலத்துக்குக் கிணறு தோண்டி, மணல் சரியாமல் புல் கயிற்றைச் சுருள்சுருளாக உள்ளே பதித்துக்கொண்டே போவார்களாம். ஒரு நாளைக்குச் சில குடம் ஊறும். அது போதும் என்று வாழ்ந்தார்கள். சித்தப்பாவுக்கு ரயிலில் இதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போது நம்பாதவர், டாங்காவின் பூட்டைப் பார்த்தபின் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இரவுச் சாப்பாடு கம்பு ரொட்டி, நெய், வெல்லம், பூண்டுச் சட்னி, கேர்-சாங்ரி. சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். காலையில் அந்த மரத்தைக் காட்டினார்கள். "அடடா, வன்னி மரம்!" என்றார் சித்தப்பா. விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நாம் சுற்றி வரும் அதே மரம். மழை பொய்த்த ஆண்டில் காய் மனிதருக்கு, தழை ஆட்டுக்கு. இந்த மரத்தை வெட்ட வந்த ராஜாவின் ஆட்களைத் தடுத்து 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் அம்ருதா தேவியும் பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காயை உலர்த்தி, ஊறவைத்து, எண்ணெயில் புரட்டிய கறியை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப்பின் மாங்கணியார் பாடகர் ஒருவர் மகனோடு வந்தார். அவர்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திர வீடுகளில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுபவர்கள். கண்ணன் பாட்டும் பாடுவார்கள். தோல் போர்த்திய கமாய்ச்சாவை அவர் வில்லால் இழுக்க, பையன் இரண்டு கைகளிலும் கர்தால் கட்டைகளைத் தட்டினான். மைக் இல்லை. எட்டு ஒன்பது பேர் கயிற்றுக் கட்டிலிலும் தரையிலுமாக இருந்து கேட்டோம். இந்தக் கமாய்ச்சாவை உலகறியச் செய்த ஹமீரா கிராமத்துச் சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மரபில் வந்த ஒருவர் முழம் தூரத்தில் இருந்து பாடுவதற்கு நாங்கள் கொடுத்தது 200 ரூபாய். அது குறைவு என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா தன் பையிலிருந்து இன்னொரு நூறு வைத்தார்.

கடைசியாகக் கோட்டைக்குள் போனோம். 1156இல் ராவல் ஜைசல் திரிகூடக் குன்றின் மேல் எழுப்பியது. 99 கொத்தளங்கள். சத்யஜித் ராய் 1974இல் 'சோனார் கெல்லா' எடுத்தபின் வங்காளிகளின் யாத்திரைத் தலம். 2013இல் ராஜஸ்தானின் இன்னும் ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருப்பதால் வாசலில் டிக்கெட் கிடையாது. சமணக் கோயில்களின் மஞ்சள் கல் சிற்பங்களை ஒரு முழுக் காலைப்பொழுது பார்த்தோம்.

சித்தப்பா சிற்பத்தைவிடச் சுவரைப் பார்த்தார். ஒரு கொத்தளத்தின் அடியில் கல் பொரிந்து பொடி உதிர்ந்திருந்தது. கையை வைத்து, "ஊத்துக் கண்டிருக்கு" என்றார். எங்கள் வீட்டுக்காரர் சொல்ல வந்தது இதுதான். கோட்டை நிற்கும் குன்று கெட்டிப் பாறை அல்ல, அடியில் களிமண் கலந்த மென்பாறை. பல நூற்றாண்டுகள் உள்ளே இருந்தவர்கள் கீழே போய்க் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து, அளந்து செலவழித்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி வெட்டிய கடீசர் ஏரிதான் அந்தத் தண்ணீர். பிறகு இந்திரா காந்தி கால்வாய் வந்தது. 1958இல் வேலை தொடங்கி, பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி இந்த மாவட்டம்வரை வரும் கால்வாய். குழாய் வந்தது. கோட்டைக்குள் விடுதிகள் பெருகின. ஒவ்வொரு அறைக்கும் கழிப்பறை, ஷவர். அவ்வளவு நீரையும் வெளியேற்ற அந்தக் காலத்து வடிகால் போதவில்லை. தண்ணீர் குன்றுக்குள் இறங்கி, அடிமண் நெகிழ்ந்து, சில கொத்தளங்கள் இடிந்தே போயின. உலக நினைவுச்சின்ன நிதியம் 1990களில் ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்து எச்சரித்தது. பிறகு மராமத்து நடந்திருக்கிறது. விடுதிகள் குறையவில்லை.

"கரைய ஒடைக்கிறது வெள்ளம்னுதான் எல்லாரும் நெனைப்பான். கசிவுதான் பாப்பா ஒடைக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார் சித்தப்பா.

ஜைசல்மேர் போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். பேருந்தில் போங்கள், கிராமத்து வீட்டில் சாப்பிடுங்கள், பாடுகிறவர் கையில் நேராகக் காசு கொடுங்கள். கோட்டைக்குள் மட்டும் அறை எடுக்காதீர்கள். சாளரத்திலிருந்து பாலைவனம் தெரியும் என்று ஆசை காட்டுவார்கள், வேண்டாம். கீழே, மதிலுக்கு வெளியே, அதைவிடக் குறைந்த வாடகைக்கு நல்ல அறைகள் இருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால்தான் கோட்டை முழுசாகத் தெரியும்.